திரிக நரம்புக்கு ஒரு மின்துடிப்பு: சிறுநீர்ப்பை, மலக்குடல் கோளாறுகளுக்கு உடலுக்குள் பொருத்தும் கருவிகள்

சிறுநீர்ப்பை தன் நேரத்தில் பெரும்பகுதியைச் சேமிப்பதிலேயே கழிக்கிறது. சிறுநீரகங்களிலிருந்து இறங்கி வருவதை, உள்ளழுத்தம் ஏறாதபடி, சுவரைத் தளர்த்திக்கொண்டே வாங்கி வைக்கிறது. 150, 200 மி.லி. சேர்ந்ததும் லேசாக ஓர் உணர்வு எழும். 400, 500 மி.லி. ஆகும்போது உந்தல் வலுக்கும். அப்போதும் கழிப்பறை கிடைக்கும்வரை அடக்கிக்கொள்ள முடிகிறது. பகலில் ஏழெட்டு முறை, அதுவும் சிறிது நேரம் மட்டுமே, அதன் தசை சுருங்கி உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. மலக்குடலின் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே. அங்கே கூடுதலாக ஒரு நுட்பம் உண்டு: வந்திருப்பது காற்றா, நீரா, கெட்டிப்பட்ட மலமா என்பதை ஆசனவாயின் உட்படலம் பிரித்தறிந்து சொல்லிவிடுகிறது.

இந்த ஒழுங்கை நடத்துபவை மூன்று நரம்புத் தொகுதிகள். தண்டுவடத்தின் மார்பு, இடுப்பு மட்டங்களிலிருந்து வரும் பரிவு நரம்புகள் சிறுநீர்ப்பைச் சுவரைத் தளர்த்தி அதன் கழுத்தை இறுக்குகின்றன. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் துளைகளிலிருந்து வெளிவரும் திரிக நரம்புகளில், இரண்டாவது முதல் நான்காவது வரையிலானவற்றின் வழியே வரும் எதிர்ப்பரிவு இழைகள் சுவரைச் சுருங்கச் செய்கின்றன. அதே மூன்று மட்டங்களிலிருந்து புறப்படும் பியூடெண்டல் நரம்பு, சிறுநீர் வழியையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள வெளிச் சுருக்குத்தசைகளை ஆள்கிறது. மனிதரின் விருப்பத்துக்குக் கட்டுப்படும் பூட்டு இந்தத் தசைகளே. அந்தத் தசைகளை இயக்கும் செல்கூட்டத்தை 1899இல் விவரித்த ஓனுஃபின் பெயரால் அது ஓனுஃப் உட்கரு எனப்படுகிறது. இயக்க நரம்புகளை ஒவ்வொன்றாக அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயிலும் இந்தச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கைகால்கள் முடங்கிய பிறகும் அந்நோயாளிகள் சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிவது இதனால்தான். மேலே, மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில், சேமிப்பிலிருந்து வெளியேற்றத்துக்கு மாற்றும் மையம் இருக்கிறது. லண்டனில் பூனைகளின் மீது செய்த ஆய்வுகளின் வழி 1925இல் பாரிங்டன் அதைக் காட்டினார்.

தசையை இயக்கும் கட்டளைகளைப் பற்றிப் பேசும்போது எளிதில் மறந்துபோவது, எதிர்த்திசையில் மேலே செல்லும் செய்திகளை. சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருக்கிறது, மலக்குடலில் என்ன வந்திருக்கிறது, இடுப்புத்தளத் தசை இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்ற செய்திகள் இடைவிடாமல் தண்டுவடத்துக்குப் போகின்றன. ஆரோக்கியமான உடலில் நிறைவைச் சொல்பவை ஏ-டெல்டா வகை இழைகள். மெல்லிய சி-வகை இழைகள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். தண்டுவடம் அடிபட்டாலோ, அழற்சி ஏற்பட்டாலோ அவை விழித்துக்கொண்டு, சிறிது நீருக்கே பெரிய உந்தலை எழுப்புகின்றன. உள்ளே பொருத்தும் நரம்புத் தூண்டல் கருவிகளின் வேலையைப் புரிந்துகொள்ள இந்த மேல்நோக்கிய போக்கே திறவுகோல்.

ஒழுங்கு குலையும் விதங்கள் பல. உந்தல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காத மிகையூக்கச் சிறுநீர்ப்பை, அதனோடு சேர்ந்து வரும் கசிவு, அடைப்பு ஏதும் இல்லாதபோதும் சிறுநீர் வெளியேறாமல் தேங்குவது, மலக் கசிவு ஆகிய நான்கும் இந்த உரைக்கு முக்கியமானவை. இவற்றை நோயாக எண்ணி மருத்துவரிடம் போகிறவர்களைவிட, வயதின் விளைவு, பிரசவத்தின் விளைவு என்று சகித்துக்கொள்பவர்களே அதிகம். வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள், மாற்றுப் புடவை இல்லாமல் வெளியே இறங்காதவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. மலக் கசிவு உள்ளவர்கள் அதைக் கணவரிடமோ மனைவியிடமோகூடச் சொல்வதில்லை. மருத்துவர் தாமாகக் கேட்காவிட்டால் இந்தத் துன்பம் வாயைத் திறக்காது. ஆகவே கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

சிகிச்சை எளியவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் நீர், காபி, தேநீர் குடிக்கும் அளவையும் நேரத்தையும் சீர்செய்வது, சிறுநீர் கழிக்கும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டிப் பழகுவது, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மலச்சிக்கலைப் போக்குவது. பிறகு ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் போன்ற மாத்திரைகள். இவற்றால் வாய் வறளும், மலம் இறுகும், முதியவர்களுக்கு நினைவுத் தெளிவு குறையலாம். வேறு வழியில் செயல்படும் மிராபெக்ரான் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றில் குணம் காணாதவர்களுக்கும், பக்கவிளைவால் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் அடுத்த படியில் இருப்பவை சிறுநீர்ப்பைச் சுவரில் போடும் போட்டுலினம் நச்சு ஊசியும் நரம்புத் தூண்டலும்.

மின்சாரத்தால் சிறுநீர்ப்பையை இயக்கலாம் என்ற எண்ணம் 150 ஆண்டுக்கால வயதை நெருங்குகிறது. 1878இல் கோபன்ஹேகனில் சாக்ஸ்டார்ஃப் என்ற மருத்துவர், சிறுநீர்த் தேக்கம் உள்ளவர்களின் சிறுநீர்ப்பைக்குள் கதீட்டர் வழியாக மின்முனையைச் செலுத்தினார். 1963இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் கால்டுவெல், சுருக்குத்தசையில் மின்முனையையும் தோலுக்கடியில் ரேடியோ அலை வாங்கியையும் பொருத்தி, கசிவை நிறுத்த முயன்றார். சிறுநீர்ப்பைச் சுவரிலேயே மின்முனையைத் தைத்துப் பார்த்தவர்களும் உண்டு. மின்னோட்டம் பக்கத்துத் தசைகளுக்கும் பரவி, வலியும் பூட்டின் இறுக்கமுமே மிஞ்சின. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நாஷோல்ட், தண்டுவடத்தின் நுனிக்குள்ளேயே மின்முனையை இறக்கினார். இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் தசையைக் கட்டளையிட்டு இயக்குவதே நோக்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான முட்டுக்கட்டையும் ஒன்றே: சிறுநீர்ப்பை சுருங்கும்போதே வெளிச் சுருக்குத்தசையும் சேர்ந்து இறுகிக்கொண்டது.

அந்த முட்டுக்கட்டையை அறிவுக்கூர்மையால் தாண்டியவர் லண்டனின் உடலியங்கியல் அறிஞர் ஜைல்ஸ் பிரிண்ட்லி. பார்வையற்றவர்களுக்கு மூளையின் பார்வைப் பகுதியில் மின்முனைகளைப் பொருத்தும் சோதனையை 1968இல் வெளியிட்டவரும் இவரே. பாபூன் குரங்குகளில் தொடங்கி, 1970களின் இறுதியில் மனிதர்களுக்கு அவர் பொருத்திய கருவி, திரிக நரம்புகளின் முன்வேர்களைத் தூண்டியது. வெளிச் சுருக்குத்தசை வரித்தசை. தூண்டல் நின்ற கணத்திலேயே தளர்ந்துவிடும். சிறுநீர்ப்பையின் மென்தசையோ மெதுவாகத்தான் தளரும். எனவே சில நொடிகள் தூண்டி, சில நொடிகள் நிறுத்தி, மீண்டும் தூண்டினால், அந்த இடைவெளிகளில் பூட்டு திறந்திருக்க, சிறுநீர்ப்பை இன்னும் சுருங்கியே இருக்க, சிறுநீர் விட்டுவிட்டுப் பாய்கிறது. கருவிக்குள் பேட்டரி கிடையாது. வயிற்றுத் தோலின் மேல் வைக்கும் சாதனத்திலிருந்து ரேடியோ அலையாக மின்னாற்றல் உள்ளே செல்கிறது. முதுகுத்தண்டு முற்றிலும் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லாதவர்களுக்கு இது பெரும் விடுதலை. கதீட்டர் தேவை குறைகிறது, மலம் கழிக்கவும் உதவுகிறது. அதற்கு விலையும் உண்டு. தானாக எழும் சுருக்கங்களைத் தடுக்கப் பின்வேர்களை வெட்டிவிட வேண்டும். அதோடு எஞ்சியிருந்த உணர்வும், ஆண்களுக்கு அனிச்சையாக வரும் விறைப்பும் போய்விடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவியை 1998இல் ஏற்றது.

இன்று உலகெங்கும் பரவியிருப்பது வேறொரு பாதை. அது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பிறந்தது. எகிப்தில் மருத்துவம் படித்து அமெரிக்காவுக்கு வந்த எமில் டனாகோவும் அவருடைய சகா ரிச்சர்ட் ஷ்மிட்டும் நாய்களின் திரிக நரம்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் தேடியதும் சிறுநீரை வெளியேற்றும் வழியைத்தான். 1980களின் தொடக்கத்தில் மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கியபோது தெளிவான செய்தி வேறு: மூன்றாவது திரிக நரம்பைத் தசை சுருங்காத அளவுக்கு மெலிதாகத் தூண்டினாலே, அடங்காத சிறுநீர்ப்பை அடங்குகிறது. அவர்களுடைய பணியின் தொழில்வடிவமே மெட்ரானிக் நிறுவனத்தின் இன்டர்ஸ்டிம் கருவி. ஐரோப்பாவில் 1994இல் விற்பனை அனுமதியும், அமெரிக்காவில் 1997இல் உந்தல் கசிவுக்கான அனுமதியும் அது பெற்றது. 1999இல் அடிக்கடி சிறுநீர் கழித்தலுக்கும் அடைப்பில்லாத் தேக்கத்துக்கும் அமெரிக்க அனுமதி விரிந்தது.

இங்கே ஒரு புதிர் உண்டு. அடக்க முடியாமல் கழிகிறவருக்கும், கழிக்கவே முடியாமல் தேங்குகிறவருக்கும் ஒரே கருவி, ஒரே நரம்பு, ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம். தசையை இயக்கும் கருவி என்று வைத்துக்கொண்டால் இது முரண். மேலே செல்லும் செய்திகளைத் திருத்தும் கருவி என்று கொண்டால் முரண் கரைகிறது. அடிபட்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி மட்டுப்படுவது போல, இடுப்புத்தளத்திலிருந்தும் தோலிலிருந்தும் வரும் தடித்த உணர்விழைகளை மின்துடிப்பு தூண்டும்போது, சிறுநீர்ப்பையிலிருந்து வரும் மிகைச் செய்தி தண்டுவடத்தில் அடக்கப்படுகிறது. தேக்கத்தில் நடப்பது இதன் மறுபக்கம். இறுகியே கிடக்கும் சுருக்குத்தசையிலிருந்து எழும் தடைச்செய்தி சிறுநீர்ப்பையின் உணர்வை மூளைக்கு எட்டவிடாமல் மறைக்கிறது. தூண்டல் அந்தத் தடையை விலக்குகிறது. லண்டனில் கிளேர் ஃபவுலர் 1980களில் விவரித்த, இளம்பெண்களுக்கு வரும் தேக்க நோய் இதற்குச் சிறந்த சான்று. ஆண்டுக்கணக்கில் உந்தலே உணராமல், ஒரு லிட்டர் சேர்ந்த பிறகும் கதீட்டரால் மட்டுமே கழித்துவந்த இப்பெண்களில் பலருக்குத் திரிக நரம்புத் தூண்டலில் உணர்வும் திரும்புகிறது, சிறுநீரும் தானே இறங்குகிறது. மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளிலும் தூண்டலுக்கு முன்னும் பின்னும் சிறுநீர்ப்பை உணர்வோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு மாறுவது தெரிந்தது. முழு விளக்கம் இன்னும் எட்டப்படவில்லை என்றாலும், போக்கு இதுதான் என்பதில் ஐயம் குறைந்துவிட்டது.

கருவி தசையோடு பேசாமல் உணர்வோடு பேசுவதால், அது ஒருவருக்குப் பலன் தருமா என்பதை எந்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பொருத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இந்தச் சிகிச்சைக்கென்று ஒரு தனிச் சிறப்பு இருந்தால் அது இதுவே: நிரந்தரக் கருவி உள்ளே போவதற்கு முன் நோயாளி அதைச் சில நாள் பயன்படுத்திப் பார்த்து, வேண்டும், வேண்டாம் என்று தாமே தீர்மானிக்கலாம். அறுவைச் சிகிச்சைகளில் இந்த வசதி வேறெங்கும் அதிகமாகக் கிடைப்பதில்லை.

தீர்ப்புக்கு அளவுகோல் சிறுநீர் நாட்குறிப்பு. குறைந்தது மூன்று நாள், அளவுக் குறியிட்ட கோப்பையில் பிடித்து எழுத வேண்டும். காலை 6.10க்கு 180 மி.லி., 7 மணிக்கு 90 மி.லி., உந்தலோடு கசிவு, துணி மாற்றம் என்று வரிகள் போகும். மலக் கசிவுக்கு இது இரண்டு வாரம் நீளும். சோதனைக்கு முன்னும் சோதனையின்போதும் எழுதியதை ஒப்பிட்டு, கசிவோ கழிக்கும் தடவையோ பாதியாகக் குறைந்திருந்தால் மட்டுமே நிரந்தரக் கருவிக்குப் போவது உலகெங்கும் ஏற்ற வழக்கம். இந்த நாட்குறிப்பை அவசரமாக, நினைவிலிருந்து நிரப்பி வாங்கும் மருத்துவமனை, கருவியை எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் பாதி வேலையையே செய்கிறது.

சோதனை இரு வகை. எளிய வகையில், மரக்கவைக்கும் ஊசி மட்டும் போட்டு மெல்லிய தற்காலிகக் கம்பி ஒன்றைச் செலுத்தி, மூன்று முதல் ஏழு நாள் வெளிக்கருவியோடு வைத்திருப்பார்கள். கம்பி எளிதில் நகர்ந்துவிடும் என்பதால், பலன் பெறக்கூடிய சிலரும் இதில் தோற்றவர்களாகக் கணக்காகிவிடுகிறார்கள். இரண்டாவது வகையில் நிரந்தரக் கம்பியையே முதலில் பொருத்தி, ஒன்றிரண்டு வாரம் பார்த்து, பிறகு மின்துடிப்பை உண்டாக்கும் கருவியான துடிப்பாக்கியைச் சேர்ப்பார்கள். இத்தாலியில் மிக்கேலே ஸ்பினெல்லி 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த, பக்கவாட்டில் சிறு கொக்கிகள் விரிந்து திசுவைப் பற்றிக்கொள்ளும் கம்பி இதைச் சாத்தியமாக்கியது. அதற்குமுன் முதுகைத் திறந்து, கம்பியை எலும்புறையோடு தைக்க வேண்டியிருந்தது. அது பெரிய அறுவை.

அறுவை அறையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். நோயாளி குப்புறப் படுக்க வைக்கப்படுகிறார். அடிவயிற்றுக்கும் கணுக்காலுக்கும் கீழே தலையணை. பிட்டமும் பாதங்களும் துணியால் மூடப்படுவதில்லை, ஏனென்றால் அங்கேதான் விடை தெரியும். தசையைச் செயலிழக்கச் செய்யும் மயக்க மருந்து தவிர்க்கப்படுகிறது. திரிக எலும்பின் இருபுறமும் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. மூன்றாவது துளை, வால் எலும்பின் நுனியிலிருந்து ஏறத்தாழ 9 செ.மீ. மேலே, நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கும். சி-ஆர்ம் எக்ஸ்ரேயின் துணையோடு ஊசி அந்தத் துளைக்குள் சாய்வாக இறங்குகிறது. சிறிது மின்சாரம் கொடுத்ததும் கண்கள் இரண்டு இடங்களைப் பார்க்கின்றன. ஆசனவாயைச் சுற்றிய தசை உள்ளிழுத்து, பிட்டங்களுக்கு நடுவிலுள்ள பள்ளம் ஆழமாக வேண்டும். அதே பக்கத்துக் கால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். இரண்டும் நடந்தால் அது மூன்றாவது நரம்பு. பாதம் முழுவதும் திரும்பினால் ஊசி இரண்டாவது நரம்பில் இருக்கிறது. விரல் அசையாமல் ஆசனவாய்த் தசை மட்டும் அசைந்தால் நான்காவதில். விழித்திருக்கும் நோயாளி ஆசனவாய், பிறப்புறுப்புப் பகுதியில் மெல்லத் தட்டுவது போன்ற அல்லது ஊறுவது போன்ற உணர்வைச் சொல்வார். காலுக்குள் மின்னல் பாய்வது போல இருந்தால் இடம் சரியில்லை. இடம் உறுதியானதும் நான்கு மின்முனைகள் கொண்ட கம்பி செலுத்தப்படுகிறது. நான்கிலும் 2 மில்லியாம்பியருக்குக் கீழே விடை கிடைத்தால் அது நல்ல பொருத்தம். நல்ல பொருத்தத்துக்காக அறையில் கூடுதலாகச் செலவழியும் அரை மணி நேரம், பின்னால் பேட்டரியின் ஆயுளாகவும், மறு அறுவை இல்லாத ஆண்டுகளாகவும் திரும்பி வருகிறது.

துடிப்பாக்கி இப்போது பிட்டத்தின் மேற்பகுதியில், தோலுக்கடியில் சிறு பையமைத்து வைக்கப்படுகிறது. முன்பு வயிற்றில் வைத்தார்கள். கம்பியை முதுகிலிருந்து முன்புறம் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நொடிக்கு 14 துடிப்பு, ஒவ்வொன்றும் 210 மைக்ரோ நொடி அகலம் என்பது வழக்கமான தொடக்க அமைப்பு. கையடக்க ரிமோட்டில் நோயாளியே அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். 2006இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டர்ஸ்டிம் 14 கன செ.மீ. பருமன், பேட்டரி தீர்ந்ததும் கருவியையே மாற்ற வேண்டும், அது பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளில். 2019இல் ஆக்ஸோனிக்ஸ் நிறுவனத்தின் ரீசார்ஜ் செய்யக்கூடிய, 5 கன செ.மீ. கருவி 15 ஆண்டு ஆயுளோடு அமெரிக்க அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே மெட்ரானிக் 2.8 கன செ.மீ. கருவியோடு வந்தது. போட்டி நோயாளிகளுக்கு நன்மையாகவே முடிந்தது. 2022இல் இரு நிறுவனங்களும் ரீசார்ஜ் தேவைப்படாத, பத்தாண்டுக்கு மேல் உழைக்கும் கருவிகளைக் கொண்டுவந்தன. கை நடுக்கமோ மறதியோ உள்ள முதியவருக்கு வாரந்தோறும் சார்ஜ் செய்யும் கருவி சுமை. மெலிந்த உடலுள்ள இளையவருக்குச் சிறிய கருவியே ஏற்றது. தேர்வு ஆளைப் பொறுத்தது.

பலனைப் பற்றிய சான்றுகளில் மிகவும் பயனுள்ளது, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ரோஸெட்டா ஆய்வு. மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத உந்தல் கசிவு உள்ள பெண்களில் ஒரு பாதிக்கு 200 அலகு போட்டுலினம் ஊசியும் மறுபாதிக்குத் திரிக நரம்புத் தூண்டலும் அளித்து ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3.9 கசிவுகள் குறைந்தன, கருவி பொருத்தியவர்களுக்கு 3.3. ஊசி சற்று முன்னே நின்றது. ஆனால் ஊசி போட்டவர்களில் 35 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. கருவிக்காரர்களில் அது 11 விழுக்காடு. ஊசிக்குப் பின் சிலர் கதீட்டர் போட்டுக்கொள்ளவும் நேர்ந்தது, அதோடு சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசியைத் திரும்பப் போட வேண்டும். எது சிறந்தது என்ற கேள்வியைவிட, யாருக்கு எது என்ற கேள்விக்கே இந்த எண்கள் விடை சொல்கின்றன. தன் கையால் கதீட்டர் போட முடியாதவருக்கும், அடிக்கடி தொற்று வருகிறவருக்கும் கருவி மேல். அறுவைக்கு அஞ்சுகிறவருக்கும், கருவி வாங்க இயலாதவருக்கும் ஊசி போதும்.

மலக் கசிவின் கதை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில் டனாகோ, ஷ்மிட் இருவரோடும் பணியாற்றிய கிளவுஸ் மட்ஸெல், மூன்று நோயாளிகளுக்கு இதே முறையைக் கையாண்டு 1995இல் லான்செட் இதழில் எழுதினார். அதுவரை மலக் கசிவுக்குக் கிழிந்த சுருக்குத்தசையைத் தைப்பது, தொடையின் கிராசிலிஸ் தசையைத் திருப்பி ஆசனவாயைச் சுற்றிப் போட்டு மின்சாரத்தால் இறுக்கி வைப்பது, கடைசியில் வயிற்றில் மலத்துளை அமைப்பது என்ற வழிகளே இருந்தன. தொடைத்தசை அறுவை கடினமானது, தொற்றும் மறு அறுவையும் மிகுந்தது. திரிக நரம்புத் தூண்டல் வந்த பிறகு அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. முதலில் சுருக்குத்தசை முழுதாக இருப்பவர்களுக்கு மட்டுமே இதைப் பொருத்தினார்கள். பிரசவத்தில் தசை கிழிந்தவர்களுக்கும் பலன் தருகிறது என்பது பின்னர் தெரிந்தது. ஆசனவாயின் இறுக்க அழுத்தம் பெரிதாகக் கூடாமலே கசிவு குறைகிறது என்பதும் தெரிந்தது. தசையை வலுவாக்குவதால் வரும் பலன் இது இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

120 பேருக்குப் பொருத்திச் செய்த ஆய்வில், ஓராண்டு முடிவில் 83 விழுக்காட்டினருக்குக் கசிவு பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. பத்தில் நால்வருக்கு முற்றிலும் நின்றது. 2011இல் அமெரிக்காவில் மலக் கசிவுக்கும் அனுமதி கிடைத்தது. சிறுநீர், மலம் இரண்டும் கசிகிறவருக்கு ஒரே கருவி இரண்டையும் கவனிக்கும் என்பது மருத்துவர்கள்கூட மறந்துவிடும் வசதி. மலச்சிக்கலில் இந்த வெற்றி இல்லை. தொடக்கத்தில் நம்பிக்கை அளித்த செய்திகள் வந்தாலும், கருவியை இயக்கியும் அணைத்தும் ஒப்பிட்ட கட்டுப்பாட்டு ஆய்வுகளில் வேறுபாடு தெரியவில்லை. மலச்சிக்கலுக்காக மட்டும் இதைப் பொருத்துவதற்கு இன்று நியாயம் இல்லை என்பதே நேர்மையான முடிவு.

முதுகில் அறுவையே வேண்டாம் என்பவர்களுக்குக் கணுக்கால் வழி இருக்கிறது. காலின் பின்புறமாக இறங்கும் டிபியல் நரம்பின் வேர்களில் திரிக நரம்புகளும் அடக்கம். 1983இல் எட்வர்ட் மெக்குவையர் தோலின் வழியாகவும், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் மார்ஷல் ஸ்டோலர் மெல்லிய ஊசி வழியாகவும் இதைத் தூண்டினார்கள். உட்கணுவுக்கு மூன்று விரற்கடை மேலே ஊசி குத்தி, வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம் என்பது வழக்கமான முறை. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட, 2010இல் வெளியான ஆய்வில், சிறுநீர்ப்பைக் கோளாறு உள்ளவர்களில் 54.5 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். போலிச் சிகிச்சையில் 20.9. அதே முறையை மலக் கசிவுக்குச் சோதித்து 2015இல் லான்செட்டில் வெளியிட்ட பிரிட்டன் ஆய்விலோ 38க்கு 31 என்ற அளவிலேயே வேறுபாடு. அதைப் பலன் என்று சொல்ல இயலாது. வாரந்தோறும் மருத்துவமனைக்கு அலைவதைத் தவிர்க்க, 2022 மார்ச்சில் இகாயின் என்ற, நாணயம் அளவே உள்ள கருவி அனுமதி பெற்றது. கணுக்காலுக்கு மேலே பதித்துவிட்டால், முதல் 18 வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறையும் பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறையும் அரை மணி நேரம் தானே இயங்கும். 2023இல் வந்த ரெவி கருவிக்குள் பேட்டரியே இல்லை; காலில் கட்டும் பட்டையிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. இவை இளைய கருவிகள். இவற்றின் நீண்டகால வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

தீங்குகளை மறைத்துப் பேசக் கூடாது. துடிப்பாக்கி இருக்கும் இடத்தில் வலி, கம்பி இடம் பெயர்தல் அல்லது முறிதல், தொற்று, காலில் வேண்டாத துடிப்பு, காலப்போக்கில் பலன் மங்குவது ஆகியவை நிகழ்கின்றன. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இத்தகைய காரணங்களால் மறு அறுவை தேவைப்பட்டது. பேட்டரி மாற்றியது தனிக் கணக்கு. தொற்று ஆழமாகப் பரவினால் கருவியை எடுப்பதைத் தவிர வழியில்லை. நல்வாய்ப்பாக, எடுத்துவிட்டால் நரம்பு பழைய நிலைக்கே திரும்புகிறது. எதையும் வெட்டாததால் மீளமுடியாத இழப்பு பொதுவாக இல்லை.

கருவியோடு வாழ்வதில் சில விதிகள் உண்டு. உடற்பயிற்சிச் சிகிச்சையில் சூடு கொடுக்கப் பயன்படும் ஷார்ட்வேவ் டயதெர்மி அறவே கூடாது; அலையின் ஆற்றல் கம்பி வழியே போய்த் திசுவைச் சுட்டுவிடும். இடுப்பு வலிக்குப் பிசியோதெரபிக்குப் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பழைய கருவிகளோடு தலைக்கு மட்டுமே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்கேனுக்காகவே கருவியை எடுத்துவிட நேர்ந்தவர்கள் பலர். அண்மைக் காலக் கருவிகளில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உடல் முழுவதற்கும் எடுக்க முடிகிறது. கருவுற்றது தெரிந்ததும் கருவியை அணைத்து வைப்பது வழக்கம். விமான நிலையச் சோதனையில் காட்ட அடையாள அட்டை கொடுப்பார்கள். அதைப் பணப்பையிலேயே வைத்திருப்பது நல்லது.

யாருக்குப் பொருத்தக் கூடாது என்பதும் தெளிவு. புராஸ்டேட் வீக்கம் போன்ற அடைப்பால் சிறுநீர் தேங்குகிறவருக்கு அடைப்பை நீக்க வேண்டும். சோதனையில் பலன் காணாதவருக்கும், ரிமோட்டை இயக்கவோ துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவோ இயலாதவருக்கும் இது உகந்ததன்று. இருமினால், தும்மினால் கசியும் அழுத்தக் கசிவுக்கும் இது மருந்தாகாது. அங்கே கோளாறு பூட்டின் தாங்குதலில் இருக்கிறது. தண்டுவட நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களை முன்பு ஒதுக்கி வைத்தார்கள். நரம்பு நோயால் வந்த சிறுநீர்க் கோளாறுகளில் இதைச் சோதித்து, 2022இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளியான கட்டுப்பாட்டு ஆய்வு, தேர்ந்தெடுத்தவர்களுக்கு அங்கும் பலன் உண்டு என்று காட்டியது.

இந்தியாவில் பெருநகரங்களின் சில மருத்துவமனைகளில் இச்சிகிச்சை நடக்கிறது. கருவியின் விலை லட்சங்களில் இருப்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத உயரம். கருவியைப் பொருத்துவதோடு செலவு முடிவதும் இல்லை. அமைப்பை மாற்றவும், கம்பியைச் சரிபார்க்கவும், நாட்குறிப்பைப் படித்துப் பேசவும் பயிற்சி பெற்ற செவிலியரோ தொழில்நுட்பரோ பல ஆண்டு கிடைக்க வேண்டும். அந்தத் தொடர்ச்சி இல்லாத ஊரில் விலை குறைந்தாலும் பயன் குறைவே. இதற்கு முந்தைய படிகளான இடுப்புத்தளப் பயிற்சி, சிறுநீர்ப்பைப் பழக்கம், நாட்குறிப்பு ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை; அவற்றை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசெல்ல எந்தத் தடையும் கிடையாது. கருவி வரை போக வேண்டியவர்களின் எண்ணிக்கையும் அதனால் குறையும்.

இப்போதைய கருவிகள் இரவும் பகலும் ஒரே அளவில் துடித்துக்கொண்டிருக்கின்றன. சிறுநீர்ப்பை நிறைந்ததா, காலியா என்பது அவற்றுக்குத் தெரியாது. நிறைவை அளந்து, தேவையானபோது மட்டும் தூண்டும் கருவிகளை நோக்கி ஆய்வு நகர்கிறது. 2019இல் நேச்சர் இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்த அமைப்பில், எலியின் சிறுநீர்ப்பையைச் சுற்றி நீளும் மென்பட்டை ஒன்று அதன் விரிவை அளந்தது. அடிக்கடி கழிப்பதைக் கண்டதும் கம்பியில்லாமல் செய்தி அனுப்பி, ஒளிக்கு இசையும்படி மாற்றிய நரம்புச் செல்களை ஒளியால் அடக்கியது. மனிதருக்கு அதை அப்படியே கொண்டுவர மரபணு மாற்றம் தேவை என்பதால் அது தொலைவில் இருக்கிறது. மின்துடிப்பையே கொண்டு, சிறுநீர்ப்பை அழுத்தத்தையோ நரம்பில் ஓடும் செய்தியையோ படித்து இயங்கும் கருவிகளே மருத்துவமனைக்கு முதலில் வந்து சேரக்கூடும்.